37 அடி பாய்மரப் படகு: விளம்பரத்து எண்களை எப்படிப் படிப்பது?

(ஒரு கேள்வியும் பதில்களும். ஒவ்வொரு பகுதியின் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

தேவகோட்டை ரஸ்தா

மலேசியாவின் லங்காவியில் ஒரு 37 அடி கட்டர் (பாய்மரத்துக்கு முன்னால் இரண்டு பாய் உள்ள படகு) விலைக்கு வருகிறது. 1999-இல் கட்டியது. கண்ணாடியிழை உடல், நடுவில் பால்சா எனும் லேசான மரம் வைத்த மேல்தளம், அதன்மேல் தேக்குப் பலகை. ஃபின் கீல் (அடியில் மீன்துடுப்பு மாதிரி இறங்கும் கனத்த பகுதி), சுக்கானுக்கு முன்னால் அதைத் தாங்கும் முழு ஸ்கெக். விற்பவர் தந்த விவரம்:

மொத்த நீளம் 11.28 மீ, நீர்க்கோட்டு நீளம் 9.14 மீ, அகலம் 3.5 மீ, நீருக்குள் ஆழம் 1.8 மீ. எடை 7,500 கிலோ, அதில் கீல் ஈயம் 2,900 கிலோ. பாய்ப் பரப்பு 62 சதுர மீ. எஞ்சின் 38 குதிரைத்திறன். தண்ணீர் 400 லிட்டர், டீசல் 200 லிட்டர்.

மூன்று பேர் போகிறோம். தை பிறந்ததும் லங்காவியிலிருந்து கிளம்பி வங்கக்கடலைக் கடந்து நாகப்பட்டினம் பக்கம் வந்து, அங்கிருந்து பாக் நீரிணைக்குள் தொண்டி வரை வருவதாக எண்ணம். கால்குலேட்டரில் போட்டால் கவிழ்வு எண் (கவிழும் அபாயத்துக்கு) 1.8, சொகுசு எண் (அலையில் ஆட்டம் எவ்வளவு மென்மை என்பதற்கு) 30 வருகிறது. முதலாவது 2-க்குக் கீழே, இரண்டாவது 30-க்கு மேலே இருந்தால் ஆழ்கடலுக்குப் போதும் என்கிறார்கள். இதை நம்பலாமா? நிஜத்தில் என்ன வேகம் வரும்? தேக்குத் தளத்துக்காக விலையைக் கூட்டிச் சொல்கிறார், அது நியாயமா? காரைக்குடிப் பக்கம் தேக்கு என்றால் மறுபேச்சு கிடையாது, படகிலும் அப்படித்தானா?

ஏராமரம்

தம்பி, கணக்கு சரி, போட்ட எடைதான் தப்பு. 7,500 கிலோ என்பது தொட்டி காலி, லாக்கர் காலி, ஆளே இல்லாத படகு. பந்திப் பாய் விரிக்கும் முன்னால் வளவை அளந்துவிட்டு இடம் தாராளம் என்று சொன்ன மாதிரி.

நீங்கள் கிளம்பும் அன்று என்ன ஏறும் என்று பாருங்கள். தண்ணீர் 400 கிலோ. டீசல் 170. 10 மி.மீ. சங்கிலி 60 மீட்டர் சுமார் 138. நங்கூரம் இரண்டு, 36. மூன்று பேரும் அவர்கள் பைகளும் 300. அரிசி, பருப்பு, டின், கேஸ் எல்லாம் 150. கூடுதல் பேட்டரியும் சோலாரும் 150. டிங்கி எனும் சிறு படகும் அதன் மோட்டாரும் 70. லைஃப்ராஃப்ட் 40. கருவி, உதிரி, கயிறு 100. கூட்டினால் 1,550. பழைய படகு என்பதால் முந்தைய முதலாளிகள் விட்டுப்போன சாமான் வேறு. ஆக 9,000 கிலோ என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

எடைக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம்: கிலோவை 1,016-ஆல் வகுத்து, அதை நீர்க்கோட்டு அடியின் நூறில் ஒரு பங்கின் மும்மடியால் வகுக்கவேண்டும். காலிப் படகுக்கு 273, ஏற்றிய படகுக்கு 328. முதலாவது நடுத்தரம், இரண்டாவது கனத்த படகு.

பாய்க்கும் எடைக்கும் உள்ள விகிதம்: எடையை டன்னில் எடுத்து 1.025-ஆல் வகுத்தால் கன மீட்டர். அதன் கனமூலத்தின் வர்க்கத்தால் 62-ஐ வகுங்கள். காலியாக 16.4, ஏற்றிய பிறகு 14.6. காற்று பத்து நாட் (மணிக்குப் பத்து கடல் மைல்) வேகத்துக்குக் கீழே இருந்தால் இரண்டாவது படகு நகர யோசிக்கும்.

பாலாஸ்ட் பங்கு, அதாவது மொத்த எடையில் கீல் ஈயத்தின் பங்கு, 38.7 சதவீதத்திலிருந்து 32 சதவீதமாக இறங்குகிறது.

இனி உங்கள் கவிழ்வு எண்ணுக்கு வருவோம். அகலத்தை இடப்பெயர்ச்சியின் (மேலே சொன்ன கன மீட்டரின்) கனமூலத்தால் வகுப்பதுதான் அது. 9,000 கிலோவைப் போட்டுப் பாருங்கள்: 1.80 என்பது 1.70 ஆகிவிடும். சொகுசு எண் 30.5-இலிருந்து 36.7-க்கு ஏறும். சாமானை அள்ளிப் போடப் போட இரண்டு எண்ணும் 'நல்லதாக' மாறுகிறது! அந்த ஒரு டன்னை மாஸ்ட் (பாய்மரம்) உச்சியில் கட்டினாலும் இதே விடைதான் வரும், ஏனென்றால் சூத்திரத்தில் எடை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே கிடையாது. 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயப் புயலில் 15 போட்டியாளர்கள் இறந்த பிறகு, மிக அகலமான, மிக லேசான பந்தயப் படகுகளை முதல் பார்வையிலேயே கழித்துக்கட்ட உண்டாக்கிய சல்லடை அது. சல்லடையில் தங்கியது எல்லாம் நல்ல அரிசி ஆகிவிடாது. சொகுசு எண்ணை உண்டாக்கிய டெட் ப்ரூவரே அதைப் பாதி விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

கேட்கவேண்டியது நிமிர்த்தும் விசை வரைபடம். படகு எந்தச் சாய்வுக்குப் பிறகு தானாக நிமிர மறுத்துத் தலைகீழாகப் போகிறதோ அந்தக் கோணம் அதில் இருக்கும். இன்றைய ஐஎஸ்ஓ 12217-2 தரநிலையில், ஆழ்கடல் வகையான 'ஏ' பிரிவுக்கு அந்தக் கோணம் குறைந்தது 130 கழித்தல் 0.002 பெருக்கல் கிலோ எடை. 7,500 கிலோவுக்கு 115 பாகை, 9,000-க்கு 112. கூடவே ஸ்டிக்ஸ் எனும் நிலைப்பு எண் 32 இருக்கவேண்டும். அந்தத் தரநிலை வந்தது 2002-இல், உங்கள் படகு 1999. அதனால் தகட்டில் 'ஏ' என்று இருந்தாலும் இந்த முறையில் சோதித்ததாக ஆகாது. வடிவமைத்தவர் அலுவலகத்தில் வரைபடத்தைக் கேளுங்கள், எந்த எடைக்கு வரைந்தது என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

அதற்கு மேல் நீங்கள் ஏற்றுவது. மாஸ்டுக்குள்ளேயே சுருளும் மெயின் (பெரிய பாய்), ரேடார் என்று 20 கிலோவைப் படகின் ஈர்ப்பு மையத்துக்கு 10 மீட்டர் மேலே வைத்தால் 200 கிலோ-மீட்டர். 9,000-ஆல் வகுத்தால் ஈர்ப்பு மையம் 2.2 செ.மீ. ஏறுகிறது. கேட்கச் சின்னது. படகு 90 பாகை படுத்துக் கிடக்கும்போது நிமிர்த்தும் கை (நிமிர்த்தும் விசையின் நெம்புகோல் நீளம்) 25, 30 செ.மீ.தான் இருக்கும் என்றால் அதில் 2.2 போவது சின்னதல்ல. பின்பக்கத் தூக்குக்கையில் (டேவிட்) டிங்கி, ஆர்ச்சின்மேல் நான்கு சோலார் பலகை, தளத்தில் வரிசையாக டீசல் கேன், எல்லாமே இதே திசையில் தள்ளுகிறவை.

தொண்டிக் கரை

வேகம் கேட்டிருந்தீர்கள். நீர்க்கோடு 30 அடி, அதன் வர்க்கமூலம் 5.48, அதை 1.34-ஆல் பெருக்கினால் 7.3 நாட். அது உச்சவரம்பு, சராசரி அல்ல. ஏற்றிய படகு, மூன்று பேர், இரவில் ஒரு ரீஃப் போட்டே (பாயை ஒரு படி சுருக்கியே) ஓடுவது என்றால் 5.5 நாட். ஒரு நாளுக்கு 132 கடல் மைல். லங்காவியிலிருந்து நாகப்பட்டினம் சுமார் 1,200 கடல் மைல், ஒன்பது நாளுக்குக் கொஞ்சம் மேலே. பன்னிரண்டுக்குச் சாப்பாடு, பதினைந்துக்குத் தண்ணீர் என்று வையுங்கள்.

திசை உங்களுக்குச் சாதகம். போக்கு ஏறக்குறைய 283 பாகை, தை மாதத்து வாடை வடகிழக்கிலிருந்து. காற்று முன்முனையிலிருந்து 120 பாகையில், பின்பக்கவாட்டாக விழும். இந்தப் படகுக்கு மிகப் பிடித்த கோணம் அது. மாசிக் கடைசிக்குத் தள்ளிப்போட்டால் காற்று செத்துவிடும், 14.6 பாய் விகிதத்தோடு எஞ்சினைத்தான் நம்பவேண்டும். 5 நாட்டுக்கு மணிக்கு 3 லிட்டர் என்று வைத்தால் 200 லிட்டர் 66 மணி நேரம், 330 மைல். தொட்டி அடியில் கிடக்கும் கசடு வரை உறிஞ்சக்கூடாது என்பதால் 280 என்றே எண்ணிக்கொள்ளுங்கள். கால் வழிக்குக்கூட எட்டாது.

பாயைப் பற்றி. கட்டர் என்றால் முன்னால் இரண்டு பாய். அதில் உள்பக்கப் பாயான ஸ்டேசெயிலுக்கு எதிர்ப்பக்கமாகப் பின்னால் இழுக்கும் ரன்னிங் பேக்ஸ்டே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பலத்த காற்றில் ஸ்டேசெயில் மாஸ்ட் நடுவை முன்னால் இழுத்து வளைக்கும், அலையில் மாஸ்ட் முன்னும் பின்னுமாகத் துள்ளும். மெயினுக்கு மூன்று ரீஃப் வேண்டும். படகில் உணரும் காற்று 18 நாட் தாண்டினால் முதல் ரீஃப், 24-இல் இரண்டாவது, 30-இல் மூன்றாவது. சாய்வு 20 பாகையைத் தாண்டினால் எண்ணைப் பார்க்கவே வேண்டாம், ரீஃப் போடுங்கள். அதற்கு மேல் சாய்த்து ஓட்டினால் சுக்கான் கனத்துப் போகும், படகு பக்கவாட்டில் வழுக்கும், வேகம் கூடாது. ரீஃப் போட்டதும் சமயத்தில் அரை நாட் கூடக் கிடைக்கும்.

பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிறும் ரீஃப் கயிறும் காக்பிட் வரை வருகிறதா, மாஸ்ட் அடியிலேயே நிற்கிறதா? இரண்டுமே சரி. பாதி இங்கே பாதி அங்கே என்றால்தான் தொல்லை: ராத்திரியில் ஒருத்தர் இழுக்க ஒருத்தர் முன்னால் ஓடவேண்டும்.

இன்னொன்று, நிலையான மூன்று இதழ் ப்ரொபெல்லர் இருந்தால் பாயில் ஓடும்போது அரை நாட் தின்றுவிடும். ஒன்பது நாளில் அது 100 மைல், கிட்டத்தட்ட ஒரு முழு நாள்.

சிக்ரி பக்கத்து வீடு

எண்களை எல்லாரும் சொல்கிறீர்கள். 25 வருடம் வெப்பக் கடலில் கிடந்த படகில் முதலில் விட்டுக்கொடுப்பது உலோகம்.

'துருப்பிடிக்காத எஃகு' என்ற பெயரை நம்பாதீர்கள். 316 எஃகின்மேல் இருக்கும் குரோமியம் ஆக்சைடு மென்தோல்தான் அதற்குக் காவல். அந்தத் தோல் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். ஈரம் தேங்கிக் காற்றுப் புகாத இடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும், குளோரைடு சேரும், உள்ளே இருக்கும் நீர் அமிலமாகும், தோல் பிய்ந்துவிடும். வெளியே பளபளப்பு, உள்ளே பாதி தின்றிருக்கும். அப்படிப்பட்ட இடுக்கு இந்தப் படகில் மூன்று: மாஸ்டைப் பக்கவாட்டில் பிடிக்கும் ஷ்ரவுட் கம்பிகளைத் தாங்கும் செயின்பிளேட் தளத்தை ஊடுருவும் இடம், கீல் போல்ட் உடலுக்கும் ஈயத்துக்கும் நடுவே நிற்கும் துண்டு, கம்பிகளின் கீழ்முனை டெர்மினல்.

செயின்பிளேட்டைச் சுற்றி உள்பக்க மரத்தில் பழுப்புக் கறை இருந்தால் ஒன்றையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். துணியால் துடைத்துவிட்டு, விரிசல் காட்டும் சிவப்புச் சாயம் பூசி, பத்து நிமிடம் கழித்துத் துடைத்து, டெவலப்பர் தெளியுங்கள். தளத்தை ஊடுருவும் உயரத்தில் குறுக்காக ஒரு மெல்லிய சிவப்புக் கோடு தெரிந்தால் அது முடிந்த கதை. ஒன்று போயிருந்தால் எல்லாவற்றையும் மாற்றவேண்டும், எல்லாம் ஒரே வயது.

கம்பி எந்த வருடம் மாற்றியது என்பதற்கு ரசீது கேளுங்கள். பத்து வருடம் தாண்டியிருந்தால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். கீழ் டெர்மினல்தான் முதலில் விரியும், ஏனென்றால் உப்புத்தண்ணீர் கம்பி வழியாக இறங்கி அந்தக் குழலுக்குள் தேங்கும்.

கீல்: படகு தூக்கியிருக்கும்போது கீலும் உடலும் சேரும் கோட்டில் முன்விளிம்பைப் பாருங்கள். வாய் பிளந்த மாதிரி விரிசல் இருந்து, அதிலிருந்து தண்ணீர் சொட்டினால் போல்ட் உப்பில் நனைகிறது என்று பொருள். பிறகு உள்ளே போய்க் கீலின் பின்முனைக்கு மேலே தரைச் சட்டங்களைப் பாருங்கள். எப்போதாவது பாறையில் முட்டியிருந்தால் முன்முனை கீழே இழுக்க, பின்முனை மேல்நோக்கிக் குத்தும். விரிசல் முட்டிய இடத்தில் இருக்காது, பின்னால் இருக்கும். புது வர்ணம் அந்த இடத்தில் மட்டும் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

உடலைத் துளைத்து நிற்கும் வால்வுகள் வெண்கலமா பித்தளையா? கத்திமுனையால் லேசாகச் சுரண்டுங்கள். மஞ்சள் என்றால் பரவாயில்லை, ரோஜா நிறம் என்றால் துத்தநாகம் கரைந்து ஓடிவிட்டது, மிச்சம் இருப்பது செம்பு நுரை. கையால் ஆட்டினால் உடைந்து வரும் வால்வும் உண்டு. தண்ணீரில் மிதக்கும்போது ஆட்டிப் பார்க்காதீர்கள்.

பர்மா உத்தரம்

தேக்குத் தளத்துக்கு விலையைக் கூட்டிக் கேட்கிறாரா! குறைத்துக் கேளுங்கள்.

வீட்டுத் தூணில் பர்மா தேக்கு நூறு வருடம் நிற்கிறது என்றால், அது கூரைக்குக் கீழே, உலர்ந்த கல்மேல், முழு மரமாக நிற்கிறது. படகில் அது 12 மி.மீ. பலகை. ஆயிரக்கணக்கான திருகுகள் அதைத் துளைத்துக் கண்ணாடியிழையின் மேல்தோலையும் துளைத்து நிற்கின்றன. கீழே பால்சா. பலகை இடுக்கில் பூசிய கறுப்பு ரப்பர் காய்ந்து விட்டுப்போனால், ஒவ்வொரு திருகும் பால்சாவுக்குள் தண்ணீர் இறக்கும் ஒரு குழாய். பால்சா ஊறி அழுகினால் தளத்தின் விறைப்பு போய்விடும், பிறகு சிக்ரி பக்கத்து வீட்டு ஆச்சி சொன்ன செயின்பிளேட்டும் அதே ஈரத்தில்தான் ஊறும்.

சோதிக்க ஈரமானி உதவாது, மேலே இருக்கும் தேக்கே ஈரம் காட்டும். உள்ளேயிருந்து கூரைப் பலகையைக் கழற்றிக் கீழ்த்தோலில் வைத்துப் பாருங்கள். மேலே பிளாஸ்டிக் சுத்தியலால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். 'டக்' என்றால் சரி, 'தொப்' என்றால் அங்கே ஒன்றும் இல்லை. திருகுத் தலையை மூடும் மரச்செருகி உதிர்ந்த இடங்களை எண்ணுங்கள். பலகை தேய்ந்து 6, 7 மி.மீ. ஆகிவிட்டால் செருகி நிற்க ஆழமே இருக்காது, தளம் முழுவதையும் பிரிக்கும் வேலைதான்.

எடையும் இருக்கிறது. 15 சதுர மீட்டருக்கு 12 மி.மீ. என்றால் 0.18 கன மீட்டர், ஏறக்குறைய 115 கிலோ, நீர்க்கோட்டுக்கு ஒரு மீட்டருக்கு மேலே. ஏராமரம் அண்ணன் போட்ட கணக்கில் அதையும் சேருங்கள். கத்திரி வெயிலில் அதன்மேல் வெறுங்கால் வைக்கவும் முடியாது.

தேவகோட்டை ரஸ்தா

நன்றி. இரண்டு சந்தேகம். வரைபடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? அப்புறம், ஃபின் கீலை விட்டுவிட்டு முழுநீளக் கீல் படகு தேடலாமா? இந்திய மாலுமி அபிலாஷ் டோமி, உலகைச் சுற்றும் 2022 கோல்டன் குளோப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது அந்த மாதிரி ரஸ்ட்லர் 36-இல்தானே.

ஏராமரம்

ஆமாம், முதலாவதாக வந்ததும் நீளக் கீல்தான், கேப் ஜார்ஜ் 36. ஆனால் அந்தப் பந்தயத்தின் விதியே நீளக் கீல், பழைய வடிவமைப்பு என்பதுதான், அதனால் அதை வைத்து எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ரஸ்ட்லர் 36-இன் எண்ணைப் பாருங்கள்: 7,620 கிலோ, நீர்க்கோடு 8.2 மீ, பாலாஸ்ட் 45 சதவீதம். காலியாகவே எடை-நீள விகிதம் 385. வேக உச்சம் 6.9 நாட். சுக்கானைக் கயிறும் வலையும் பிடிக்காது, திசை பிடித்தால் விடாது, தரை தட்டினாலும் கீல் போல்ட் கவலை குறைவு. அதற்கு விலை, காற்றை எதிர்த்துப் போவதில் சோம்பல், துறைமுகத்தில் எஞ்சினில் பின்னால் போகச் சொன்னால் தன் இஷ்டம். ஸ்கெக் வைத்த ஃபின் கீல் இரண்டுக்கும் நடுவே. அதிலேயே நில்லுங்கள், படகு உலோகச் சோதனையில் தேறினால்.

வரைபடம் இல்லை என்றால் சாய்வுச் சோதனை செய்யலாம். காற்றில்லாத காலை, கயிறுகள் தளர்வாக, தொட்டிகள் எல்லாம் முழுக்க நிரம்பியோ அல்லது முழுக்கக் காலியாகவோ. கேபினில் 1.5 மீட்டர் நூலில் குண்டு தொங்கவிட்டு, அதை ஒரு வாளி தண்ணீரில் அமிழ்த்துங்கள், ஆட்டம் நிற்கும். 70 கிலோ ஆட்கள் மூன்று பேர் நடுக்கோட்டிலிருந்து 1.6 மீட்டர் தள்ளி ஒரே ஓரத்தில் நிற்கட்டும். 336 கிலோ-மீட்டர். படகு அன்றைக்கு 8,000 கிலோ என்றும் நூல் 5.7 செ.மீ. நகர்ந்தது என்றும் வையுங்கள்: 5.7-ஐ 150-ஆல் வகுத்தால் 0.038. 336-ஐ 8,000 பெருக்கல் 0.038-ஆல் வகுத்தால் 1.1 மீட்டர், அதுதான் சாய்வை எதிர்க்கும் விறைப்பைக் காட்டும் மெட்டாசென்டர் உயரம். நூல் 7 செ.மீ. நகர்ந்தால் 0.9 தான். மறு ஓரத்திலும் செய்து சராசரி எடுங்கள். இது சின்னச் சாய்வுக்கு மட்டும் பேசும் எண், 115 பாகையில் என்ன ஆகும் என்று சொல்லாது. ஆனால் படகின் உடல் வடிவத்தைக் காட்டும் கோட்டுப்படம் இருந்தால், இதிலிருந்து ஈர்ப்பு மையத்தைக் கண்டுபிடித்து முழு வரைபடத்தையும் ஒரு கடற்பொறியாளர் வரைந்து தருவார். அன்றைய எடைக்குப் படகைத் தூக்கும் லிஃப்டில் இருக்கும் எடைமானியைப் படியுங்கள், விற்பவர் தாளைப் படிக்காதீர்கள்.

அங்கேயே நீர்க்கோட்டு வர்ணத்தையும் பாருங்கள். இந்த அளவுப் படகு 1 செ.மீ. அமிழ ஏறக்குறைய 190 கிலோ வேண்டும். பழைய வர்ணக் கோட்டுக்கு மேலே 10 செ.மீ. புதுக் கோடு அடித்திருந்தால் படகு 1,900 கிலோவைச் சுமந்தே பல வருடம் திரிந்திருக்கிறது.

தொண்டிக் கரை

கடைசியாக நம் பக்கத்துக் கடல். வெளிநாட்டிலிருந்து வருவதால் முதலில் சென்னையிலோ தூத்துக்குடியிலோ குடிவரவும் சுங்கமும் முடியுங்கள், நேரே தொண்டிக்கு வர முடியாது. கோடியக்கரையைச் சுற்றி உள்ளே வந்ததும் ஆழம் பத்துப் பன்னிரண்டு மீட்டர், கரைப்பக்கம் அதுவும் இல்லை. ஆழம் குறைவதால் அலை உயரம் பெரிதாக இருக்காது, ஆனால் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வரும். 9 டன் படகு ஒவ்வொன்றிலும் மூக்கைக் குத்தி நிற்கும். தெற்கே இறங்கும்போது வாடை பின்னாலிருந்து தள்ளும், சுகம். திரும்பி வடக்கே ஏறும்போது அதே வாடை எதிர்முகம்: ஒருபக்கம் மணல்திட்டு, மறுபக்கம் இலங்கை எல்லைக்கோடு, நடுவில் வளைந்து வளைந்து ஏற உங்களுக்குக் கிடைப்பது சில மைல் அகலம். காற்றின் திசையில் நிகரமாக மூன்று நாட் கிடைத்தால் அதிகம். ராத்திரியில் விசைப்படகுகளின் வலை வேறு.

தை, மாசியில் தொண்டிக் கரை முழுக்கக் காற்று கரையை நோக்கித் தள்ளும் கரை. 1.8 மீட்டர் கீலோடு நங்கூரம் போட வெகுதூரம் வெளியே நிற்கவேண்டும், அங்கே மறைப்பு எதுவும் இல்லை. கச்சான் (மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் காற்று கரையிலிருந்து வரும், கடல் அடங்கியிருக்கும், அப்போது நிற்கலாம். படகை நிரந்தரமாக வைக்கத் தூத்துக்குடிதான் சரி.

பாம்பன் வழியாகக் குறுக்கே போகும் எண்ணம் இருந்தால், புது ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் நீளத் தூக்குப்பகுதி மட்டும் கணக்கல்ல, பக்கத்தில் சாலைப் பாலம் அசையாமல் நிற்கிறது. ஆன்டெனாவோடு சேர்த்து உங்கள் மாஸ்ட் உச்சி நீரிலிருந்து எத்தனை மீட்டர், ஏற்றிய நிலையில் கீல் எத்தனை மீட்டர் என்று இரண்டையும் எழுதிக்கொண்டு பாம்பன் துறைமுக அலுவலகத்தில் கேளுங்கள். 1.8 என்று சொல்லாதீர்கள். 1,500 கிலோ ஏற்றிய பிறகு அது 1.88.